ஆளுக்கு ரெண்டு குடம்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாதம், திண்டுக்கல்லில் நடந்தது இது. அப்போது நான் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பரீட்சையைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. பயமெல்லாம் செய்முறைப் பரீட்சையைப் பற்றித்தான். வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வருவார். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க, நாங்கள் ஒரு வகுப்புக்குப் பாடம் எடுக்கவேண்டும். அவர் சரியில்லை என்று எழுதிவிட்டால் ஒரு வருடம் போச்சு.

மற்றவர்களுக்கு ஒரு வருடம் போகும். எனக்கு எல்லாமே போய்விடும். அப்பா தவறிய பிறகு சித்தப்பாதான் என் ஹாஸ்டல் செலவைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் வார்த்தையில் கறார். "ஒரே தவணைதேன் ஆத்தா. பாஸ் பண்ணுனா வேலைக்குப் போ. இல்லேன்னா அதுக்கடுத்த தையில கல்யாணம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மாப்பிள்ளையும் தயாராக இருந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அவரைக் கட்டிக்கொள்வதைவிடக் கரும்பலகை முன்னால் நிற்பதில்தான் ஆசை. அதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியுமா என்ன?

எனக்கு வந்த பாடம் எட்டாம் வகுப்புக் கணக்கில் சராசரி. சும்மா கூட்டி வகுத்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அன்றைக்கு இருந்த தலைக்கனம் அப்படி விடுமா? பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் புள்ளியியல் நடத்தும்போது, சராசரியோடு இடைநிலை, முகடு என்று இன்னும் இரண்டைச் சொல்லித் தந்திருந்தார்கள். எண்களை வரிசையாக நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பது இடைநிலை. அதிகத் தடவை வருவது முகடு. மூன்றையும் ஒரே வகுப்பில், சாக்பீஸைத் தொடாமல், பிள்ளைகளின் கையாலேயே செய்யவைத்துக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். என் தோழிகள் எல்லாம் அட்டையில் படம் வரைந்து, வண்ணத்தாள் ஒட்டி ராத்திரியெல்லாம் கண் விழித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முறமும், ஒரு பை புளியங்கொட்டையும் எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புளியங்கொட்டையால் எதை எண்ணுவது? அங்கேதான் நான் என்னை மெச்சிக்கொண்டேன். எனக்குச் சித்தையன்கோட்டைப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற ஊர். திண்டுக்கல்லுக்கு வந்த பிறகுதான் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஹாஸ்டலில் குளிக்க ஒரு வாளி, துவைக்க அரை வாளி. அரை வாளியில் தாவணியை அலசிய கதையை ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். நான் பயிற்சிக்குப் போன பெண்கள் பள்ளியில், பிள்ளைகள் பலரும் விடியும்முன்பே எழுந்து ஊருக்கு வெளியே உள்ள கிணற்றில் இறைத்துக் குடம் சுமந்துவிட்டுத்தான் வருவார்கள். இடுப்புப் பக்கம் பாவாடை ஈரமாகவே இருக்கும். முதல் பாடவேளையில் பாதிப்பேர் கண் சொருகுவார்கள். பேச்சுவாக்கில் கேட்டபோது ஒருத்தி நாலு குடம் என்றாள். ஒருத்தி ஆறு. வீட்டிலேயே உப்புக் கிணறு உள்ள ஒருத்தி, குடிக்க மட்டும் ஒரே குடம். அத்தனையும் வேறு வேறு எண். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்தே பாடம் எடுக்கவேண்டும் என்று எங்கள் டீச்சர் தினமும் ஓதுவாரே, அது இதுதானே!

பரீட்சை நாளன்று பரிசோதகர் வந்தார். வெள்ளைக் கதர்ச் சட்டை, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, சிரிப்பே வராத முகம். பெரியகுளத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியர் என்று சொன்னார்கள். அவரோடு எங்கள் பயிற்சிப் பள்ளி டீச்சரும் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாகக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் முன்னாலும் பின்னாலும் திரும்பித் திரும்பி எதையோ சொன்னாள். நல்ல சுறுசுறுப்பான பெண், கணக்கிலும் கெட்டி. புது ஆளைப் பார்த்த பரபரப்பு என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினோரு பேரை முன்னால் அழைத்து, தரையில் வரிசையாக உட்காரவைத்தேன். முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டினேன். இன்று காலை நீங்கள் எத்தனை குடம் தண்ணீர் தூக்கினீர்களோ, குடத்துக்கு ஒரு கொட்டையாக எடுத்து உங்கள் முன்னால் வையுங்கள் என்றேன்.

முதல் பெண் இரண்டு வைத்தாள். அடுத்தவளும் இரண்டு. மூன்றாமவள் இரண்டு. சரி, தற்செயல் என்று நினைத்தேன். நாலாமவள் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு வைத்தாள். வீட்டில் கிணறு உள்ளவளும் இரண்டு, என்னிடம் ஆறு குடம் என்று சொன்னவளும் இரண்டு. பதினோரு பேர் முன்னாலும் அச்சு வார்த்ததுபோல் ஆளுக்கு இரண்டு கொட்டை.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எல்லாம் இரண்டாக இருந்தால் சராசரியும் இரண்டு, இடைநிலையும் இரண்டு, முகடும் இரண்டு. மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று காட்டத்தானே நான் அத்தனை ஆட்டம் ஆடினேன்? வித்தியாசமே இல்லை என்று என் பாடமே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. பரீட்சைப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவைத்தால், அந்தப் பரீட்சை செல்லாது. பதினோரு பேரும் ஒரே எண்ணை வைத்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? பரிசோதகர் எழுந்து வந்து வரிசையைப் பார்த்தார். "எல்லாருக்கும் ரெண்டா?" என்று கேட்டார். பிள்ளைகள் கோரஸாக "ஆமா சார்" என்றார்கள். அவர் போய் உட்கார்ந்து, கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். எங்கள் டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதட்டிக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நேற்றுவரை ஆறு குடம் என்று சொன்னாயே, இன்று எப்படி இரண்டானது என்று கேட்டால் அவள் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் நாலாவது பெண்ணின் முகம் கண்ணில் பட்டது. அழுவதற்குத் தயாராக இருந்தாள். இவர்கள் விளையாட்டுக்காகச் செய்யவில்லை, ஏதோ ஒரு பயத்தில் செய்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. என்ன பயம் என்று தெரியவில்லை. கேட்காமல் விட்டுவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டால் பாடம் நகரவேண்டுமே! எல்லாரும் சமமாகத் தூக்கினால் சராசரி பார்க்கவேண்டிய வேலையே இல்லை, சமமாக இல்லாதபோது என்ன செய்வது, அதைப் பார்ப்போம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி, கொட்டைகளைத் திரும்ப முறத்தில் அள்ளிப் போட்டேன். அப்படி அள்ளும்போதுதான், என் கை நிறைய இருந்த கொட்டைகளைப் பார்த்து அந்த யோசனை வந்தது. யாருக்குப் பெரிய கை என்று பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரே கையால், ஒரே தடவை, எத்தனை கொட்டை அள்ள முடியுமோ அத்தனையும் அள்ளவேண்டும். கீழே சிந்தினால் கணக்கில் கிடையாது.

அவ்வளவுதான். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாவாடையைச் செருகிக்கொண்டு முறத்தைச் சுற்றி வந்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஒருத்தி பதினான்கு அள்ளினாள், இன்னொருத்தி இருபத்திரண்டு. ஒல்லியான ஒரு பெண் கை நிறைய அள்ளி, தூக்கும்போது பாதியைச் சிந்திவிட்டு, இன்னொரு தடவை கேட்டு அடம் பிடித்தாள். கடைசியாக வந்தவள் அந்த மூன்றாவது பெஞ்சுக்காரி. முறத்துக்குள் கையை விட்டு, விரலை மெதுவாக மூடி, ஒன்றுகூடச் சிந்தாமல் தூக்கினாள். எண்ணினால் முப்பது! வகுப்பே கை தட்டியது.

எல்லாக் கொட்டையையும் ஒன்றாகக் கொட்டி, ஆளுக்கு ஒன்றாக மறுபடி மறுபடி பங்கிடச் சொன்னேன். உள்ளூரச் சாமியை வேண்டிக்கொண்டேன், மீதி கீதி வந்து மானத்தை வாங்கிவிடக்கூடாதே என்று. வரவில்லை. ஆளுக்குப் பத்தொன்பது. இதுதான் சராசரி என்றேன். "ஆனா யாருமே பத்தொம்பது அள்ளலையே டீச்சர்" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்காக அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு குறைவாக அள்ளியவளிலிருந்து கூடுதலாக அள்ளியவள்வரை வரிசையாக நிற்கவைத்து, இரண்டு ஓரத்திலிருந்தும் ஒவ்வொருவராக உட்காரச் சொன்னேன். நடுவில் தனியாக நின்றவள் பதினெட்டு அள்ளியவள். இடைநிலை. ஒரே எண் அள்ளியவர்கள் எல்லாம் கை கோத்துக்கொள்ளுங்கள் என்றதும், பதினேழு அள்ளிய மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அதைவிடப் பெரிய கூட்டம் வேறில்லை. முகடு. பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு! நானே உட்கார்ந்து எழுதியிருந்தாலும் இத்தனை அழகாக அமைந்திருக்காது.

பரிசோதகர் கடைசி பெஞ்சிலிருந்தே ஒரு கேள்வி போட்டார். முப்பது அள்ளிய பெண் நாற்பத்தொன்று அள்ளியிருந்தால் என்ன ஆகும்? அந்தப் பெண்ணே எழுந்து, ஆளுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைக்கும் என்றாள். செத்த நேரம் யோசித்துவிட்டு, "ஆனா நடுவுல நிக்கிறவ அங்கனயேதேன் நிப்பா சார்" என்றும் சேர்த்துச் சொன்னாள். மணி அடித்தது. எனக்கு முதுகெல்லாம் வியர்வை. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கே தப்பித்தேன்? பரிசோதகர் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். பிற்பாதி நன்றாக இருந்தது என்றார். அந்த இரண்டு இரண்டு விஷயம்தான் தமக்குப் புரியவில்லை என்றார். "முன்னாடியே சொல்லிக்கொடுத்து வைத்தீர்களா அம்மா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இல்லை சார் என்றேன். பின் எப்படி எல்லோரும் ஒன்றுபோல வைத்தார்கள் என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். அது உண்மைதான். ஆனால் என் காதுக்கே பொய் மாதிரிதான் இருந்தது. அவர் பெருமூச்சு விட்டு, இதை நான் குறிப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்று பேனாவின் மூடியைக் கழற்றினார். சித்தப்பாவின் முகமும் தை மாதமும் என் கண் முன்னால் வந்து நின்றன. அழுதுவிடக்கூடாது என்று தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அந்த முப்பது கொட்டைக்காரி வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் தாவணி முனையை முறுக்கிக்கொண்டிருந்தன.

"டீச்சர் ஒண்ணும் சொல்லித் தரல சார். தண்ணியப் பத்தி யாரு கேட்டாலும் ரெண்டு குடம்னே சொல்லணும்னு நாந்தேன் எல்லார்ட்டயும் சொல்லி வச்சேன்."

ஏன் என்று அவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "எங்கண்ணனுக்குப் பெரியகுளத்துப் பக்கம் பொண்ணு பேசிருக்காக சார். ஏற்கெனவே ரெண்டு எடம் தண்ணி இல்லாத ஊருன்னு சொல்லித் தட்டிப் போச்சு. நீங்க அங்கிட்டிருந்து வாரீகன்னு பள்ளிக்கூட ஆயாம்மா சொல்லுச்சு. இங்க தண்ணிக்கு இம்புட்டுச் சீரழியிறோம்னு நீங்க ஊர்ல போயிச் சொல்லிட்டீகன்னா, இதுவும் போயிரும்ல? அதேன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. திண்டுக்கல்லுக்குப் பெண் கொடுக்க வெளியூர்க்காரர்கள் யோசிப்பார்கள் என்பது அரசல்புரசலாக நானும் கேள்விப்பட்டதுதான். ஆனால் வாய்க்கால்கரையில் வளர்ந்த எனக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. இவர்களுக்கோ வீட்டு மானம். வெளியாள் முன்னால் தண்ணீர்க் கஷ்டத்தைப் பேசக்கூடாது என்று பெற்றவர்கள் சொல்லி வளர்த்த பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளை ஒரு வெளியாள் முன்னால் உட்காரவைத்து, எத்தனை குடம் தூக்கினாய், எண்ணி வை என்று நான் கேட்டிருக்கிறேன்! ஒருத்தியின் அண்ணனுக்காகப் பதினோரு பேரும் சேர்ந்து பொய் சொன்னார்கள். இப்போது எனக்காக அவளே அந்தப் பொய்யை உடைத்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணன் கல்யாணம் போனாலும் போகட்டும் என்று துணிந்துதான் வந்திருக்கிறாள்.

பரிசோதகர் பேனாவை மூடினார். அவள் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். காட்டினாள். கயிறு இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. "இந்தக் கையி ரெண்டு குடத்துக்குக் காச்ச கையா ஆத்தா?" என்றார். அதுவரை புத்தகம் படிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு இறங்கிவிட்டார். "நான் வேலை பாக்குறதுதேன் பெரியகுளம். பொறந்து வளந்தது குஜிலியம்பாறைப் பக்கம். எங்க காட்டைப் பாத்தீன்னா உங்க திண்டுக்கல்லு காவேரிக்கரை."

அவள் விழித்தாள். அவர் தொடர்ந்தார். "பொண்ணு வீட்டுக்காரக எங்க வீடு பாக்க வந்த அன்னைக்கு, எங்கம்மா தெருப்பூராத் தண்ணி கடன் வாங்கி, வீட்டுல இருந்த அண்டா குண்டா அம்புட்டையும் ரொப்பி வச்சிருந்தாக. குடிக்கிற செம்பக்கூட விடல. எம்பொண்டாட்டி வந்த மறுநாளு எல்லாத்தையும் தட்டித் தட்டிப் பாத்தா, அம்புட்டும் காலி. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறா."

சிரிக்கவே தெரியாது என்று நான் நினைத்திருந்த மனுஷர், தூணில் சாய்ந்துகொண்டு சிரித்தார். எங்கள் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "சொல்லிர மாட்டீகள்ல சார்?" என்று கேட்டாள். "எங்கிட்ட யாரு கேட்டாலும், ஆளுக்கு ரெண்டு குடந்தேன்னு சொல்லுவேன், போ" என்றார் அவர். அவள் வகுப்புக்குள் ஓடினாள். உள்ளே ஒரே சத்தம்.

போகும்போது என்னிடம், பிள்ளைகள் ரெண்டு வைத்ததும் நீங்கள் ஏன் அதட்டிக் கேட்கவில்லை என்றார். அழுதுவிடுவார்கள் போல இருந்தது சார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, தாளில் எதையோ அடித்துவிட்டு வேறு எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பாஸ் செய்துவிட்டேன் என்பது மட்டும் தெரியும். ரிசல்ட் வந்த அன்று சித்தப்பா தாமே பஸ் ஏறி வந்து சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீ வேலைக்குப் போ என்றார். அன்று நான் விட்ட மூச்சு இருக்கிறதே, வருடக்கணக்காக உள்ளேயே அடைத்து வைத்திருந்த மூச்சு அது.

அந்த அண்ணனின் கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மனதில் ஒரு முள் இருந்தது. ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், ஒன்றும் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளும் கல்யாணப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது. முகூர்த்தம் முடிந்து சீர் வரிசையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பாய், தலையணை, விளக்கு எல்லாம் ஓர் ஓரமாக இருந்தன. மீதி இடம் பூராவும் அண்டா. பித்தளை அண்டா, செம்பு அண்டா, ஆள் உட்காரலாம் போன்ற தவலை, அதைச் சுற்றிக் குடங்கள். ஒரு வீட்டுக்கு இத்தனையா என்று நான் வாயைப் பிளந்ததைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பெண்ணின் அம்மா என் பக்கம் வந்தார்.

"திண்டுக்கல்லுக்குப் பொண்ணு குடுக்குறோம், தெரியாமயா டீச்சர் குடுப்போம்? பையன் நல்ல பையன். தண்ணிக்குப் பயந்து அவனை விட முடியுமா? அதேன் பிடிச்சு வைக்க ஏனம் சேத்துக் குடுத்துட்டோம்" என்றார்.

என் பக்கத்தில் நின்ற அந்த முப்பது கொட்டைக்காரி என் கையை இறுகப் பிடித்தாள். பிறகு மெல்ல விட்டாள். இத்தனை நாளும் அவளும் அந்த முள்ளோடுதான் நடமாடியிருக்கிறாள். அண்ணி உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தேன். எத்தனையோ வகுப்பு, எத்தனையோ பிள்ளைகள். வீட்டில் எத்தனை பேர், காலையில் என்ன சாப்பிட்டாய், அப்பாவுக்கு என்ன வேலை என்று பாடத்துக்காகக் கேட்க நாக்கு துடிக்கும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிடுவேன். எனக்கு அது வெறும் ஓர் எண்ணாக இருக்கலாம், ஆனால் பதில் சொல்லும் பிள்ளைக்கு அது ஒரு வீட்டின் கதவைத் திறந்துவிடுகிற காரியம் என்பதை, வராண்டாவில் தாவணி முனையை முறுக்கிக்கொண்டு நின்ற அந்தப் பெண்தான் எனக்குச் சொல்லித் தந்தாள்.